நாலாவது கட்டம்

எங்கள் நாடகக் குழுவுக்கு அலுவலகம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மாமா ஒருவரின் வீட்டுக் கராஜைக் காட்டுவேன். கார் வெளியே வெயிலில் நிற்கும். உள்ளே மிருதங்கம், ஆர்மோனியம், நாலு தகரப் பெட்டி, நாங்கள் எட்டு பேர். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு ஜனவரியிலும் அதில் நாலு கட்டம் போடுவோம், வருஷத்துக்கு நாலு தயாரிப்பு என்று கணக்கு.

முதல் மூன்று கட்டமும் தானாக நிரம்பிவிடும். மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டி ஒரு சிரிப்பு நாடகம். மாமியார், மருமகள், நடுவில் மாட்டிக்கொண்ட மகன். மாமியார் வேடத்தில் கட்டாயம் ஒரு ஆண். ஆகஸ்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாடகம். ஒரு பிள்ளை மேடையேறினால் ஆறு டிக்கெட் விற்கும், பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் எட்டு. தீபாவளிக்கு ஒரு கதம்ப நிகழ்ச்சி, சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், நடுவில் நகைக்கடைக்காரரின் உரை. நாலாவது கட்டத்தில் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் எதையாவது எழுதுவோம், பெரும்பாலும் ஏப்ரலுக்குள் அழித்துவிடுவோம். எழுதி எழுதி அழித்ததில் பலகையின் அந்த மூலை சாம்பல் நிறமாகிவிட்டது.

போன ஆண்டு அங்கே எழுதியிருந்தது உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிகிறது: 'அரிச்சந்திரன், முழுக் கூத்து'. அதற்கு முந்தைய ஆண்டும் அதுதான். இந்த ஜனவரியில் மூன்றாம் முறையாக நான் அதை எழுதியபோது எங்கள் பொருளாளர் எழுந்து வந்து பேனாவை வாங்கினார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"யார் வருவாங்க, அக்கா?"

"வர்றவங்க வருவாங்க."

"விடிய விடிய ஹாலுக்கு வாடகை எவ்வளவுன்னு தெரியுமா? லைட்டுக்கு, சவுண்டுக்கு, காவலுக்கு? அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போக வண்டி யாருக்கு இருக்கு?"

(பேசியது ஆங்கிலத்தில்தான். 'அக்கா' மட்டும் தமிழ். எங்கள் கூட்டங்களில் உறவுமுறை தமிழிலும் சண்டை ஆங்கிலத்திலும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையிலும் பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்திலும் நான் தமிழ் படித்ததால் இதை உங்களுக்காகத் தமிழில் எழுத முடிகிறது. அந்தக் கராஜில் இருக்கும் மற்ற ஏழு பேரில் இதை வாசிக்கக்கூடியவர் மாமா ஒருவர்தான். அவரும் கண்ணாடியைத் தேடி எடுத்தால்.)

பொருளாளர் கேட்டதில் தப்பில்லை. அவர் வேலையே அதுதான். ஆனாலும் அந்தக் கேள்விக்குறி மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பனைச் சுற்றியுள்ள நேட்டாலுக்கு வந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. அவர்களோடு தெருக்கூத்தும் கப்பலேறியது. இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். அந்தப் பெயருக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், நான் ஒன்றையும் நம்புவதில்லை. தெருக்கூத்து என்றால் என் பிள்ளைகள் விழிப்பார்கள். சிக்ஸ் ஃபுட் என்றால் "ஓ, அவ்வா சொல்லுமே, அதுவா" என்பார்கள்.

அவ்வா என்றால் பாட்டி. என் அவ்வா மவுண்ட் எட்ஜ்கூம் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். கூலி லைன் வீடுகளுக்கு நடுவே சாக்கு விரித்து, மண்ணெண்ணெய் விளக்கு வைத்து நடந்த கூத்துகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். திரௌபதி அம்மனுக்குத் தீமிதி என்றால் பாரதக் கூத்து. கல்யாணம் என்றால் வேறு கதை. அரிச்சந்திரன் எப்போது வேண்டுமானாலும். பிள்ளைகள் எல்லோரும் நடுவில் தூங்கிப்போவார்களாம், லோகிதாசனைப் பாம்பு கடிக்கும் நேரத்துக்கு அம்மாக்கள் எழுப்பிவிடுவார்களாம். அழுகையைத் தவறவிடக் கூடாது என்று.

அவ்வா சொன்ன ஒன்றை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். அரிச்சந்திரன் காசியில் தன் மனைவியையும் பிள்ளையையும் விற்று, கடைசியில் தன்னையும் விற்கிறானே, அந்த இடத்தில் யாரும் அழ மாட்டார்களாம். சிரிப்பார்களாம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவின் பக்கத்தில் போய் நின்று, "சாமி, எத்தனை வருஷ எக்ரிமெண்டு? அரிசி, பருப்பு உண்டா? திரும்பிப் போகக் கப்பல் கூலி யாரு கொடுப்பாங்க?" என்று கேட்பானாம். லைன் முழுக்கச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகுமாம். தங்கள் கதையை ஒரு ராஜா தலையில் ஏற்றி வைத்துப் பார்த்துச் சிரித்த ஜனங்கள் அவர்கள்.

காசு யார் கொடுத்தார்கள் என்று அவ்வாவிடம் கேட்டிருக்கிறேன். "எல்லாரும்தான்" என்றார். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் கட்டியங்காரன் பாட்டாகக் கட்டிப் பாடுவான். தோட்டத்து மேஸ்திரியான சர்தார் ஒரு ஷில்லிங் கொடுத்தால் அவருக்கு நாலு வரி. கிழவி ஒருத்தி ஒரு பென்னி கொடுத்தால் அவளுக்கும் அதே நாலு வரி.

இதைக் கூட்டத்தில் சொன்னதும் பொருளாளர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியே செய்யலாமே, அக்கா. ஜனங்ககிட்டயே வசூல் பண்ணலாம். இப்ப அதுக்கு ஆப் கூட இருக்கு." நான் கதையைச் சொன்னதே தப்பு. அன்றைக்கு ஆடியவனும் பார்த்தவனும் ஒரே லைனில் குடியிருந்தார்கள். ஒத்திகைக்கு இடம் தேட வேண்டியதில்லை, முற்றம் இருந்தது. வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, காவலாளி இல்லை, ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க வேண்டியதில்லை. இன்று அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசீது இருக்கிறது. அந்த முற்றத்தை எங்களிடமிருந்து யார் எடுத்தது என்ற கேள்வியும் இருக்கிறது.

1950இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர் குடியிருந்த மேகசின் பாராக்ஸிலிருந்தும், இன்னும் பல இடங்களிலிருந்தும் எங்கள் ஆட்களைப் பெயர்த்து, 1960களில் இந்தச் சாட்ஸ்வொர்த் மலைச்சரிவுகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். யூனிட் 1, யூனிட் 2 என்று எண் போட்ட தெருக்கள். வீடு கட்டின வேகத்தில் யாரும் மேடை கட்டவில்லை.

அதே 1960களின் தொடக்கத்தில்தான் அரசு நான்கு மாகாணங்களுக்கும் நான்கு கலை மன்றங்களைத் தொடங்கியது. நேட்டாலுக்கு 'நாபாக்'. ஆபெரா, பாலே, ஐரோப்பிய நாடகம், எல்லாம் அரசுப் பணத்தில். 1965இல் வந்த ஓர் ஆணை, வெவ்வேறு இனத்தார் ஓர் அரங்கில் சேர்ந்து உட்காரக் கூடாது என்றது. என் அப்பா கட்டிய வரியில் பாலே நடந்தது, அதைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. பொதுப் பணம் கலைக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இந்த நாட்டில் அந்தப் பணம் எப்போதும் இருந்தது. யாருடைய மேடைக்குப் போனது என்பதுதான் விஷயம்.

பணம் இல்லாமலே டர்பன் இந்தியர்கள் நாடகம் போட்டார்கள் என்பதும் உண்மை. ரோனி கோவெண்டரின் ஷா தியேட்டர் அகாடமி இருந்தது. மவுண்ட் எட்ஜ்கூம் மதுக்கூடம் ஒன்றில் நடக்கும் அவருடைய 'தி லானிஸ் பிளெஷர்' நாடகத்தில்தான் நாங்கள் வீட்டில் பேசும் ஆங்கிலத்தை மேடையில் கேட்டேன் என்று மாமா இன்றும் சொல்வார். (லானி என்றால் வெள்ளைக்கார முதலாளி. இப்போது காசு உள்ளவன் எவனும் லானிதான்.) செங்கல் கட்டும் வேலை பார்த்த கெஸ்ஸி கோவெண்டர் ஸ்டேபிள் தியேட்டரைத் தொடங்கினார். 'டெக்கான்' என்ற நேட்டால் நாடக மன்றத்தில் இருந்த ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் 1976இல் தண்டிக்கப்பட்டு ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். அந்த வழக்கில் கவிதையும் நாடகமும் சாட்சியங்களாகக் கூண்டேறின.

இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "பாத்தீங்களா, காசில்லாமதான் நல்ல நாடகம் வரும்" என்று ஆரம்பிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காசில்லாமல் வந்ததல்ல அது. வேலை, தூக்கம், குடும்பம், சிலருக்குச் சிறை என்று தங்கள் கையிலிருந்து கொடுத்துப் போட்ட நாடகம். அதை ஒரு சமையல் குறிப்பு மாதிரி அடுத்த தலைமுறைக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது.

1994இல் நிறவெறி ஆட்சி போன பிறகு எல்லாம் மாறும் என்று நம்பினோம். மாறவில்லை என்று சொன்னால் பொய். 1996இல் வந்த கலை, பண்பாட்டு வெள்ளை அறிக்கை, பழைய நான்கு மன்றங்களும் துறையின் கலை நிதியில் கிட்டத்தட்டப் பாதியை விழுங்குவதை வெளிப்படையாகவே சொன்னது. 1997இல் தேசியக் கலை மன்றத்துக்குச் சட்டம் வந்தது. பணத்தை அரசு கொடுக்கும், எதை மேடையேற்றுவது என்பதில் அமைச்சர் தலையிட மாட்டார் என்பது அதன் அடிப்படை. நாபாக்கின் இடத்தில், அந்தப் பழைய ட்யூடர் பாணிக் கட்டடத்தில் பிளேஹவுஸ் வந்தது. அங்கே முதன்முதலாக உள்ளே போய் உட்கார்ந்த அன்று அப்பா பாதி நேரம் நாடகத்தையே பார்க்கவில்லை, அண்ணாந்து கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அரசியலமைப்பின் ஆறாம் பிரிவில் தமிழின் பெயரே இருக்கிறது. இந்தி, குஜராத்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழையும் வளர்க்க வேண்டும், மதிக்க வேண்டும் என்று.

அதெல்லாம் சரி. அந்தப் பணம் கராஜ் வரைக்கும் வருவதற்குள் என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

ஒரு மானியத்துக்கு நாங்கள் விண்ணப்பம் போட்ட கதை. எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, எல்லாப் படிவமும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்தான். இலாப நோக்கற்ற அமைப்பு என்பதற்குப் பதிவுச் சான்று, வரி நிலுவை இல்லை என்று சான்று, வங்கிக் கடிதம், இரண்டு ஆண்டுக் கணக்கு. கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஆடிட்டர் கேட்ட தொகை, எங்கள் மே மாத நாடகத்தின் மொத்தச் செலவைவிட அதிகம். ஆக, மானியம் கேட்கத் தகுதி பெறுவதற்கே ஒரு மானியம் வேண்டும். அதைத் தாண்டினால் கேள்விகள். 'இத்திட்டம் எத்தனை வேலைவாய்ப்புகளை உருவாக்கும்?' 'சமூக ஒருங்கிணைப்புக்கு எவ்வாறு உதவும்?' 'எதிர்பார்க்கும் பார்வையாளர் எண்ணிக்கை?' நாடகம் எதைப் பற்றியது என்று கேட்கும் பெட்டிக்கு மூன்று வரிதான் இடம்.

பதில் வந்தால் அது ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும். ஒரு நாள், ஒரு மேடை, ஒரு பேனர். நாலு மாத ஒத்திகைக்கு இடமில்லை, ஹால் வாடகை 'நிர்வாகச் செலவு' என்று தள்ளுபடி. பணமும் பாதி முன்னால், பாதி நாடகம் முடிந்து அறிக்கை கொடுத்த பின்னால். அந்தப் பின்பாதிக்கு நாங்கள் பதினோரு மாதம் காத்திருந்தோம். ஒலிபெருக்கிக்காரர் எங்களைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போவார். அல்ல, நாங்கள்தான் போவோம்.

இன்னொரு வகைப் பணமும் உண்டு. செப்டம்பர் மாதம் மரபுரிமை மாதம், 24ஆம் தேதி மரபுரிமை நாள். அப்போது திடீரென்று தொலைபேசி அடிக்கும். "உங்க சிக்ஸ் ஃபுட் டான்ஸ் வேணும். கிரீடத்தோட. 15 நிமிஷம்." எனக்கு முன்னால் ஜூலு நடனம், எனக்குப் பின்னால் பாங்ரா, நடுவில் என் கூத்து. 15 நிமிடத்தில் அரிச்சந்திரனுக்குப் பொய் சொல்லக்கூட நேரம் போதாது, உண்மைக்கு எங்கே போவது? கிரீடத்தைக் காட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்புவோம். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை, அந்தக் காசில்தான் போன வருஷம் மிருதங்கத்துக்குத் தோல் மாற்றினோம். ஆனால் கூத்தை அருங்காட்சியகப் பொருளாக வைத்துக்கொள்ள அவர்களிடம் பணம் இருக்கிறது, நாடகமாக வைத்துக்கொள்ள எங்களிடம் இல்லை.

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்று இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966இலேயே ஒரு கணக்குச் சொன்னார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் பத்துப் பேர் செய்த வேலையை ஒருவர் செய்யலாம். நால்வர் வாசிக்கும் ஓர் இசைக்கோவையை எந்த நூற்றாண்டிலும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் ஆகும். வெளியே எல்லாரின் கூலியும் ஏற ஏற, மேடைச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும், குறைக்க வழியில்லை. மாமாவிடம் இதை விளக்கியபோது ஒரு நிமிடம் யோசித்தார். "நல்லதங்காளுக்கு ஏழு பிள்ளை. மூணா குறைச்சா அது நல்லதங்காள் இல்லையே" என்றார். பாமோல் இருந்திருந்தால் மாமாவைக் கட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊர் விசேஷம் ஒன்றையும் பாமோல் அறிய மாட்டார். 2022, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, எங்கள் நிகழ்ச்சி நிரலை நாங்களா போட்டோம்? மின்சாரம் தரும் அரசு நிறுவனமான எஸ்காம் போட்டது. எங்களுக்கு ஸ்டேஜ் என்றால் மேடை, அவர்களுக்கு ஸ்டேஜ் என்றால் எத்தனை மணி நேரம் இருட்டு என்பதன் அளவு. ஸ்டேஜ் 6 அறிவித்த வாரத்தில் மாமியார் நாடகத்தைக் கைபேசி வெளிச்சத்தில் நடத்தினோம். மாமியாருக்கு மீசை வரைந்தது போல நிழல் விழுந்து, எழுதாத சிரிப்பெல்லாம் வந்தது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்த இரண்டாம் காட்சியில் அத்தனை சிரிப்பு இல்லை. வாடகை மட்டும் வந்தது.

இப்போது உண்மையான கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்டவர் பொருளாளர் அல்ல, எங்கள் குழுவிலேயே வயதில் சிறிய ஒரு தம்பி. "அக்கா, டொங்காட்ல வெள்ளத்துக்கு அப்புறம் மாசக்கணக்கா குழாயில தண்ணி வரலை. அரசுப் பணம் நாடகத்துக்கா போகணும்?" 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவன் சித்தி வீடு சேற்றில் போனது. வேலையில்லாதோர் மூன்றில் ஒருவர் என்னும் நாடு இது. அவனுக்கு என்ன பதில் சொல்வது?

உடனே எதுவும் சொல்லவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தேன். அந்த வெள்ளம் வடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், 2022 மே மாதத்தில் கலை, பண்பாட்டு அமைச்சகம் 22 மில்லியன் ராண்ட் செலவில் 100 மீட்டர் உயரக் கொடிக்கம்பம் ஒன்றை நிறுவப்போவதாகச் செய்தி வந்தது. நாடே கொதித்ததில் கைவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்கும் என் கூத்துக்கும் நடுவே நடக்கும் போட்டியல்ல இது. கலைக்கென்று ஒதுக்கிய பணத்திலேயே கம்பம் ஒரு பக்கம், கராஜ் ஒரு பக்கம். 2021இல் பெருந்தொற்றுக்குப் பிறகான வேலை ஊக்கத் திட்டத்தில் தேசியக் கலை மன்றத்துக்கு 300 மில்லியன் ராண்ட் வந்தது. அந்தப் பணம் எங்கே என்று கேட்டு ஆபெராப் பாடகி சிபோங்கிலே ம்ங்கோமாவும் மற்றக் கலைஞர்களும் ஜொஹானஸ்பர்க் அலுவலகத்தில் வாரக்கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். லாட்டரி மானியங்களில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க 2020இல் குடியரசுத் தலைவரே சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்கு உத்தரவிட வேண்டி வந்தது. பணமே இல்லாத நாடல்ல இது, தம்பி. இதைச் சொன்னபோது அவன் முழுக்க ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. நானும் அவன் கேள்வியை முழுக்கத் தாண்டிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். கடற்கரையில் பிள்ளைகள் விளையாடும் நீர்க்குளங்களைக் காட்டி, "இது போன வருஷம் எவ்வளவு சம்பாதிச்சுது?" என்று யாரும் கேட்பதில்லையே என்றேன். "அதுல தண்ணி இருக்கு, அக்கா" என்றான். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

நாலாவது கட்டம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அரிச்சந்திரன் மட்டும் காரணமல்ல.

கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரம் உங்களுக்குச் செய்தியாக வந்திருக்கும். நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இங்கிருந்து அரைமணி நேரத் தொலைவில், எங்களைப் போன்ற இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். நாங்கள் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் எங்கே நின்றோம், குடியிருப்பைக் காக்க என்று போட்ட தெருமுனைத் தடுப்பில் யார் நின்றார்கள், யார் யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை என்று வீட்டுக்குள் ரகசியமாகப் பேசிக்கொண்டோம். வெளியே பேசவில்லை. அடுத்த ஜனவரியில் நாலாவது கட்டத்தில் 'ஜூலை' என்று எழுதினோம். எங்கள் ஆட்கள் ஐந்து பேர், பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து ஜூலு பேசும் இளைஞர்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு சம்பவம், அவ்வளவுதான் நாடகம்.

ஆண்டுதோறும் எங்களுக்கு விளம்பரம் தரும் கடைக்காரர்கள் நல்லவர்கள். பிள்ளைகளுக்கு ஜூஸ் தருவார்கள், நன்கொடைச் சீட்டுக்குப் பரிசு தருவார்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் ஒருவர்கூட வரவில்லை. "இப்ப எதுக்கு அது? ஆறட்டும்" என்றார் ஒருவர். "என் கடையில ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சாமான் வாங்குறாங்க" என்றார் இன்னொருவர். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. விளம்பரக்காரர் வேலை ஜனங்களைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவது. டிக்கெட் வாங்குபவரும் அதற்குத்தான் வருகிறார். ஆனால் எங்கள் மொத்த நிகழ்ச்சி நிரலும் இந்த இருவர் கையில் மட்டும் இருந்தால், ஆண்டுக்கு நாலு கட்டத்திலும் மாமியார்தான் இருப்பார். மூன்றாவதாக ஒரு கை வேண்டும். சந்தோஷத்தையும் கேட்காமல், லாபத்தையும் கேட்காமல், "சரி, போடுங்க" என்று சொல்லக்கூடிய கை. எனக்குத் தெரிந்து அது வரிப்பணம் மட்டும்தான்.

'ஜூலை'யை ஒரே ஒரு மாலை, ஒரு பள்ளி வகுப்பறையில் நடத்தினோம். பார்க்க வந்தவர்கள் 19 பேர். அதில் எட்டுப் பேர் நடிகர்களின் உறவினர்கள். நாடகமும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. இரண்டு சம்பவங்கள் நீளம், ஒரு பெண் நடுவில் அழுது வசனத்தை விட்டுவிட்டாள். முடிந்த பிறகு யாரும் எழுந்து போகவில்லை. பின்வரிசையில் ஒரு ஐயா, இந்தப் பக்கத்து ஆள், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, தான் அந்த வாரம் தடுப்பில் நின்றதைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அந்த வகுப்பறையில் இருந்த 19 பேருக்கும் எங்களுக்கும் உரியது. படிவத்தில் 'சமூக ஒருங்கிணைப்பு' என்று போட்டிருக்கும் பெட்டிக்குள் அதை எப்படி அடைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. 19 என்ற எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதினேன். அது குறைவு என்று அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஐந்து ஜூலு இளைஞர்களில் ஒருவன் மட்டும் போகவில்லை. வியாழக்கிழமைகளில் கராஜுக்கு வருவான். முதலில் மிருதங்கத்தைப் பார்க்க வந்தான், பிறகு அடவு கற்றுக்கொண்டான். இப்போது எங்கள் கட்டியங்காரன் அவன்தான். தமிழ் வரிகளை ஜூலு எழுத்துக்கூட்டில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறான். 'ழ' அவனுக்கு எங்கள் பிள்ளைகளைவிட நன்றாக வருகிறது. அரிச்சந்திரன் தன்னை விற்கும் இடத்தில் அவ்வா சொன்ன எக்ரிமெண்டு கேள்விகளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் யோசித்துவிட்டுத் தன் பங்குக்கு ஜூலுவில் ஒன்றைச் சேர்த்தான்: "அந்த வேலைக்கு அனுபவம் கேக்குறாங்களா?" மாமா புரியாமலே சிரித்தார், விளக்கிய பிறகு இன்னும் பலமாகச் சிரித்தார்.

எனவேதான் மூன்றாம் முறையாக அரிச்சந்திரன். எனக்கு வேண்டிய பணம் பெரிதல்ல. கிரீடம் வேண்டாம், பேனர் வேண்டாம். வாரம் ஒரு மாலை நகராட்சி ஹாலின் சாவி. நாலு மாதத்துக்கு விளக்கு. மிருதங்கக்காரர் தன் இரவு ஷிப்ட்டை விட்டுவிட்டு வருவதற்கு ஈடு. கூத்து முடிந்து ஜனங்கள் வீடு போய்ச் சேர ஒரு டாக்ஸிக்குக் காசு. அப்புறம், 19 பேர் வந்தாலும் அடுத்த ஆண்டுப் பணம் நிற்காது என்று ஒரு வாக்கு. பண்பாட்டு விவகாரங்கள் நடுவணரசுக்கும் மாகாணத்துக்கும் உரியவை என்கிறது அரசியலமைப்பின் நான்காம் அட்டவணை. ஹால் நகராட்சியுடையது. பணம் ஓரிடத்தில், சாவி ஓரிடத்தில். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் கவுன்சிலர் அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்திருக்கிறேன். ஏழாவது முறைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

கராஜில் இனி அதிக நாள் ஓட்ட முடியாது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, ஒன்பது மணிக்கு மேல் மிருதங்கம் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். போன வியாழன் மயானக் காட்சியைத் தொடையில் தாளம் போட்டபடியே ஒத்திகை பார்த்தோம். அரிச்சந்திரன் காவல் நின்றான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எங்கள் சந்திரமதி, பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் எங்கே என்று அவன் கேட்டான்.

அவள் பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கினாள். லோகிதாசனைக் கீழே இறக்கிவிட்டாள்.

"ஆன்ட்டி, இவனை இனிமே என்னால தூக்க முடியாது."

முதன்முதலாகப் பலகையில் அரிச்சந்திரன் என்று எழுதிய ஆண்டு இந்தப் பையனுக்கு வயது பத்து. இப்போது பன்னிரண்டு முடியப்போகிறது. செத்துக் கிடந்தவன் எழுந்து, மேலுதட்டைத் தடவிக்கொண்டே எங்களைப் பார்த்தான். மாமா பொருளாளரிடம் பேனாவைக் கேட்டார், பலகையில் கேள்விக்குறிக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள்.

"பதில் ஜூனுக்குள் வர வேண்டும். பையனுக்கு மீசை அரும்புகிறது."

பொருளாளர் அதைப் படிவத்தின் கூடுதல் குறிப்புப் பெட்டியில் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்த்திருக்கிறோம்.